தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலிருந்து சனியின் வளையம் தெரியுமா?

கேட்டவர் தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். எட்டாவது படிக்கும் மகளுக்குச் சனியின் வளையத்தைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. "சுற்றிலும் தெரு விளக்கு. மணலி, எண்ணூர்ப் பக்கத்துப் புகை வேறு. ராத்திரியில் பத்து நட்சத்திரம் எண்ணினாலே அதிகம். இங்கே டெலஸ்கோப் வாங்குவது வீண் செலவா? 525 மடங்கு பெரிதாக்கும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், அதை வாங்கலாமா?" என்று எழுதியிருக்கிறார். டெலஸ்கோப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், நட்சத்திரமே தெரியாத ஒரு ஊரில் கோள் மட்டும் எப்படித் தெரியும் என்பதுதான் உள்ளே இருக்கும் சந்தேகம். நியாயமான சந்தேகம். அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் எதை வாங்குவது என்று பார்க்கலாம்.

நானும் வடசென்னைக்காரன்தான். பல வருஷமாக இதே பக்கத்து மொட்டை மாடிகளிலிருந்து கோள்களைப் பார்த்து வருகிறேன், பள்ளிப் பிள்ளைகளுக்கும் காட்டியிருக்கிறேன். நேரடிப் பதில் இதுதான்: தெரியும். தண்டையார்பேட்டையிலிருந்து சனியின் வளையம் தெரியும், வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும், வெள்ளி பிறை வடிவத்தில் தெரியும், நம் நிலாவின் பள்ளங்கள் எண்ண முடியாத அளவுக்குத் தெரியும். ஊர் வெளிச்சம் இவை எதையும் தடுக்காது.

காரணம் எளிமையானது. தெரு விளக்கு வெளிச்சம் தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி வானத்தை வெளுக்க வைக்கிறது. அந்த வெளுப்பைவிட மங்கலானவை எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். பால்வீதி, ஆண்ட்ரோமெடா மாதிரியான விண்மீன் மண்டலங்கள், வால் நட்சத்திரத்தின் வால் எல்லாம் நமக்குத் தொலைந்து போனது இப்படித்தான். கோள் அப்படிப்பட்டதல்ல. சூரிய வெளிச்சம் நேராகப் பட்டுத் திரும்பி வரும் சின்ன வட்டு அது. அந்த வட்டு நகர வானத்தின் வெளுப்பைவிடப் பல மடங்கு பிரகாசம். ஒரு வேலை செய்து பாருங்கள். சூரியன் மறைந்து இன்னும் நீலம் போகாத நேரத்தில், ஒரு நட்சத்திரம்கூட வராதபோதே, வெள்ளியோ வியாழனோ பளிச்சென்று தெரியும். அவ்வளவு வெளிச்சமான வானத்திலும் தெரிகிற ஒன்றைத் தெரு விளக்கு எப்படி மறைக்கும்? விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால்தான் தொல்லை. தலைமேல் ஒரு கருப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸில், கண் வைத்தால் அதுவும் தீர்ந்தது.

இன்னொரு பக்கம், கோள் பார்ப்பதற்கு நம் ஊர் அமைந்திருக்கும் இடமே ஒரு கொடுப்பினை. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. கோள்கள் எல்லாம் ஏறக்குறைய ராசி மண்டலத்தை ஒட்டியே நகர்வதால், எந்த வருஷமானாலும் அவை நமக்குத் தலைக்கு மேலோ அதற்குக் கொஞ்சம் தள்ளியோதான் போகும். 2018-ல் சனி தனுசு ராசிப் பகுதியில் இருந்தது. லண்டன்காரர்களுக்கு அது அதிகபட்சம் 16 டிகிரி உயரத்துக்குத்தான் வந்தது, வீட்டுக் கூரையைத் தாண்டுவதே பாடு. அதே சனி நமக்கு 54 டிகிரி உயரத்தில் நின்றது. இந்த உயரம் ஏன் முக்கியம் என்றால், தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது நாம் கடக்கும் காற்றைப் போல 30 டிகிரி உயரத்தில் இரண்டு மடங்கு, 10 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல் காற்றைக் கடந்து பார்க்கிறோம். மணலிப் புகையும் கடல் ஈரமும் தொல்லை கொடுப்பது அந்தத் தாழ்வான பகுதியில்தான். கோள் 30 டிகிரிக்கு மேல் ஏறும் வரை பொறுத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே கழிந்துவிடும்.

இந்த நகரத்து வானத்திலிருந்து சனியைப் பார்த்து உருப்படியான வேலை நடந்திருக்கிறது என்பதையும் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். நுங்கம்பாக்கத்தில் இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் 1792-ல் மெட்ராஸ் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே இயக்குநராக இருந்த ஜேக்கப் என்பவர் 1852-ல் சனியின் உள்பக்கத்து மங்கலான வளையம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது என்று கண்டார். அதே சமயத்தில் லாசெல் என்பவரும் தனியாக அதையே கண்டார். ஜேக்கப் காலத்தில் இத்தனை விளக்கும் புகையும் இல்லை, உண்மைதான். ஆனால் காற்றின் ஈரமும் வெப்பமும் அப்போதும் இதேதான்.

சரி, வெளிச்சம் தடையில்லை என்றால் எது தடை? வெப்பம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் டெலஸ்கோப் வாங்கிப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லை, மசமசவென்று இருக்கிறது" என்று மூலையில் போட்டவர்களில் பெரும்பாலானோர் ஏமாந்தது இதில்தான். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம், இருட்டிய பிறகு மூன்று நான்கு மணி நேரம் அந்தச் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். சூடான தோசைக் கல்லுக்கு மேலாக எதிரே இருக்கும் சுவரைப் பாருங்கள், சுவர் நெளியும். உங்கள் மாடியே அப்படியொரு கல்லாக இருக்கும்போது, அதன் மேலிருந்து 100 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அந்த நெளிவும் 100 மடங்கு பெரிதாகத் தெரியும். சனி தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல ஆடும். டெலஸ்கோப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடுவீர்கள். அது கெடவில்லை, நடுவில் இருக்கும் காற்றுதான் ஆடுகிறது.

அதனால் ஏழு மணிக்குப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பத்து மணிக்கு மேல் தளம் ஆறியிருக்கும், பிம்பம் தெளியும். விடிகாலை நான்கு, ஐந்து மணி எல்லாவற்றிலும் நல்லது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை, ஏசியின் வெளி யூனிட், மாடிச் சமையலறைப் புகைபோக்கி இவற்றுக்கு மேலாக வரும் கோளைப் பார்க்காதீர்கள். பத்தடி நகர்ந்தால் கோள் வேறு இடைவெளியில் வரும். கைப்பிடிச் சுவரும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், அதையொட்டி ஸ்டாண்டை வைக்காமல் நாலடி தள்ளி வையுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் தலைகீழாக இருக்கும். டெலஸ்கோப்பை வெளியே வைத்துக் குளிர விடுங்கள் என்பார்கள். அவர்களுக்கு வீடு சூடு, வெளியே குளிர். நமக்கு ஏசி அறையிலிருந்து நேராக மாடிக்குக் கொண்டுபோனால், குளிர்ந்த லென்ஸ் மேல் கடல் ஈரம் ஒரு நொடியில் படிந்து வெள்ளையாகிவிடும். அதைத் துடைக்கவே துடைக்காதீர்கள். மூடி போட்டபடியே மாடியில் ஒரு அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லையே வராது. முடிந்தால் ஏசி இல்லாத அறையிலேயே வைத்திருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானவை. இனி வரும் மூன்றும் அனுபவத்தில் பட்டவை, அளந்து நிரூபித்தவை இல்லை, அந்த அளவுக்கு மட்டும் நம்புங்கள். ஒன்று, சாயங்காலம் மாடித் தளத்தில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் சீக்கிரம் ஆறி, பிம்பமும் சீக்கிரம் நிதானப்படுகிறது என்பது என் எண்ணம். ஊற்றிய உடனே பார்க்கக்கூடாது, ஆவி எழும், ஒரு மணி நேரம் விட வேண்டும். இரண்டு, கடற்காற்று மெல்லமாக, ஒரே சீராக வீசும் இரவுகளில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கரையோர இடங்களில் பிம்பம் ஊரின் உட்பகுதியைவிட அமைதியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டடங்கள் மேல் உருண்டு புரளாமல் நேராகக் கடல் மேலிருந்து வரும் காற்று என்பதால் இருக்கலாம். பலமாக அடித்தால் அந்த நன்மையும் போய்விடும், டெலஸ்கோப் குழாயே நடுங்கும். மூன்று, லேசாகப் புகைமூட்டம் போட்ட, இலை அசையாத புழுக்கமான இரவு. இதைப் பார்த்ததும் "இன்றைக்கு வானம் சரியில்லை" என்று கீழே இறங்கிவிடுவோம். ஆனால் காற்று அசையாமல் நிற்பதால்தான் புகையும் நிற்கிறது. அந்த மாதிரி இரவில் வியாழன் கொஞ்சம் மங்கினாலும் பட்டைகள் கோடு போட்டதுபோலத் தெரிந்திருக்கின்றன. மழை பெய்து கழுவிவிட்ட, நட்சத்திரம் மின்னும் இரவுதான் கோளுக்கு ஆகாதது. நட்சத்திரம் மின்னுகிறது என்றாலே மேலே காற்று கலங்குகிறது என்று பொருள். வெறும் கண்ணால் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பாருங்கள். துடிக்காமல் நின்றால் டெலஸ்கோப்பை எடுங்கள்.

வடசென்னைக்கே உரிய இன்னொரு சங்கடம் அதிர்வு. ஜார்ஜ் டவுன், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரக்கட்டை போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் இன்னும் இருக்கின்றன. யாராவது நாலு எட்டு வைத்தால் போதும், சனி ஐபீஸில் துள்ளும். கன்டெய்னர் லாரி போகும் சாலையையோ ரயில் பாதையையோ ஒட்டிய வீடு என்றால் கான்கிரீட் தளத்திலும் இது தெரியும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ போகும் இடத்துக்கு மேலாக ஸ்டாண்டை வையுங்கள். கால்களை முழுதாக நீட்டாதீர்கள், உட்கார்ந்து பார்க்கும் உயரம் போதும். ஸ்டாண்டின் நடுவிலிருந்து ஒரு பையில் செங்கல் போட்டுத் தொங்கவிட்டால் நடுக்கம் நன்றாகக் குறையும். பார்க்கும்போது மற்றவர்கள் நடமாடாமல் இருந்தால் போதும்.

இப்போது டெலஸ்கோப். முதலில் அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லென்ஸிலிருந்து வெளிச்சம் குவியும் இடம் வரை உள்ள தூரம்தான் குவியத் தூரம். எத்தனை மடங்கு பெரிதாகும் என்பது டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைக்கும். 700 மி.மீ. குழாய், பெட்டியில் ஒரு 4 மி.மீ. ஐபீஸ், வகுத்தால் 175. கூடவே மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. 175-ஐ மூன்றால் பெருக்கினால் 525. கணக்கு சரி. பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. டெலஸ்கோப்பின் வாய் எத்தனை மில்லிமீட்டர் அகலமோ, அதைப்போல இரண்டு மடங்குதான் அது தாங்கும் உச்ச வரம்பு. 70 மி.மீ. என்றால் 140. அதற்கு மேல் போனால் இருட்டான, கலங்கலான ஒரு பெரிய உருண்டை தெரியும், புதிதாக ஒரு விவரமும் வராது. பெட்டியின் மேல் மடங்கை மட்டும் பெரிதாகப் போட்டு, வாய் அகலத்தைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

உங்கள் பணத்துக்கு நான் சொல்வது, 70 மி.மீ. வாயும் 700 அல்லது 900 மி.மீ. குவியத் தூரமும் உள்ள லென்ஸ் டெலஸ்கோப், மேல்-கீழ், இட-வலம் என்று எளிதாகத் திரும்பும் ஸ்டாண்டோடு. சனியின் வளையத்துக்கு அது தாராளம். பணத்தில் மிச்சம் இருந்தால் டெலஸ்கோப்பைப் பெரிதாக்காமல், 10 மி.மீ. அளவில் ப்ளாஸல் வகை நல்ல ஐபீஸ் ஒன்று தனியாக வாங்குங்கள். பெட்டியோடு வருவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரியும். பிற்பாடு பணம் சேர்ந்தால் ஆறங்குல டாப்சோனியன், அதாவது தரையில் உட்காரும் எளிய பெட்டி ஸ்டாண்டில் திரும்பும் கண்ணாடி டெலஸ்கோப், வாங்கலாம். கோளுக்கும் வேறு பலவற்றுக்கும் வருஷக்கணக்கில் உழைக்கும் கருவி அது, ஆனால் மூன்று மாடி ஏற்றி இறக்கும் கனத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வகைகளைத் தவிர்க்கச் சொல்வேன். குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், ஆனால் குவியத் தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும் 114 மி.மீ. கண்ணாடி டெலஸ்கோப் ஒன்று. குழாய்க்குள்ளேயே ஒரு லென்ஸை வைத்து நீளத்தைக் கூட்டியிருப்பார்கள், மலிவானவற்றில் அந்த லென்ஸ் படத்தைக் கெடுக்கும், கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதும் பெரும்பாடு. இன்னொன்று, விலை மலிவான இக்வடோரியல் ஸ்டாண்டு. அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்க்க வேண்டும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வெறும் 13 டிகிரி உயரத்தில், வடக்கே எண்ணூர்ப் பக்கத்து மூட்டத்துக்குள் இருக்கிறது. பெரும்பாலான நாள் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், ஐரோப்பாவை மனதில் வைத்துச் செய்த ஸ்டாண்டுகள் பல அவ்வளவு தாழ்வாகச் சாய மறுக்கும், எடைக்கட்டி ஸ்டாண்டின் காலில் போய் இடிக்கும். சின்னப் பெண் அதோடு மல்லுக்கட்டி ஆர்வத்தை இழந்துவிடக்கூடாது.

வாங்கி வந்த அன்றைக்கே ராத்திரி வானத்தில் தேடாதீர்கள். பகலில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது, குழாய் மேல் உட்கார்ந்திருக்கும், கோளைத் தேடிப் பிடிக்க உதவும் சின்ன ஃபைண்டரைச் சரிசெய்வது. உங்கள் மாடியிலிருந்து துறைமுகக் கிரேன் தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் தூரத்துச் செல்போன் கோபுரம் ஒன்று போதும். 25 மி.மீ. அல்லது 20 மி.மீ. ஐபீஸைப் போட்டு, அந்தக் கிரேன் உச்சியில் இருக்கும் விளக்கையோ கம்பி முனையையோ நட்டநடுவில் கொண்டுவாருங்கள். தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும், வானத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. இப்போது டெலஸ்கோப்பை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளை மட்டும் மெல்லத் திருகி, அதே கம்பி முனையை ஃபைண்டரின் குறுக்குக் கோட்டில் உட்கார வையுங்கள். பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாதவர்கள் சனியைத் தேடியே இரண்டு இரவைக் கழிப்பார்கள். செய்தவர்களுக்கு அரை நிமிஷத்தில் கிடைக்கும். இந்த வேலையை வெயிலில் செய்யும்போது குழாய் சூரியன் பக்கம் ஒருபோதும் திரும்பக்கூடாது, பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. டெலஸ்கோப் வழியாகச் சூரியனைப் பார்த்தால் பார்வை போகும், திரும்ப வராது. ஐபீஸில் திருகிப் போடும் கருப்புச் சூரிய ஃபில்டர் பெட்டியில் இருந்தால் அன்றைக்கே உடைத்துப் போடுங்கள். குவிந்த சூட்டில் அது விரிசல் விடும், அந்த நேரத்தில் கண் அங்கேதான் இருக்கும்.

ராத்திரி சனி கிடைத்ததும் முதலில் "இவ்ளோதானா?" என்று தோன்றும். 70 மடங்கில் பார்த்தால், வளையத்தோடு சேர்ந்த சனி வெறும் கண்ணுக்கு நிலா தெரியும் அளவைவிடப் பெரிது என்றுதான் கணக்கு சொல்கிறது. ஆனால் இருட்டான வட்டத்துக்கு நடுவில் தனியாக நிற்பதால் யாருக்கும் அப்படித் தோன்றாது. மகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக் கிட்டத்தட்ட மறைந்தே போனது. சுமார் 15 வருஷத்துக்கு ஒருமுறை இப்படி நடக்கும். இப்போது மெல்ல மெல்ல விரிந்து வருகிறது, 2032 வாக்கில்தான் முழு அகலத்துக்கு வரும். அதனால் புத்தகத்துப் படங்களில் இருப்பதுபோல அகலமாக இப்போது இருக்காது, ஒல்லியாக இருக்கும். வளையத்தின் நடுவே ஓடும் கருப்பு இடைவெளியை, காசினி என்ற வானியலாளர் 1675-ல் கண்டதை, 70 மி.மீ.-ல் இப்போதைக்கு எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பந்துக்கும் வளையத்துக்கும் நடுவே இருட்டுத் தெரியும், கொஞ்சம் தள்ளி டைட்டன் என்ற நிலா ஒரு புள்ளியாகத் தெரியும். வருஷத்துக்கு வருஷம் வளையம் விரிவதை அவள் கல்லூரி போகும் வரை பார்த்துக்கொண்டே வரலாம். இதை ஆரம்பிக்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

பார்க்கும் முறையும் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து பாருங்கள். நின்றுகொண்டு குனிந்து பார்க்கிறவர் ஐந்து நொடியில் எழுந்துவிடுவார். காற்று ஓயாமல் ஆடினாலும் நடுநடுவே ஒரு நொடி, இரண்டு நொடி சட்டென்று நிற்கும். அந்த நொடியில்தான் எல்லாம் தெரியும். அதற்காகக் காத்திருக்கக் கண் பழக வேண்டும், பழகும். 100 மடங்கில் வைத்தால் கோள் சுமார் இரண்டு நிமிஷத்தில் பார்வை வட்டத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும், பூமி சுற்றுவதுதான் காரணம். அதனால் ஒருவர் பார்த்து எழுந்து அடுத்தவர் உட்காரும்முன் மறுபடி நடுவில் கொண்டுவந்து கொடுங்கள். கோள் உச்சி வானில் இருக்கும் நேரம் இந்தச் சின்ன ஸ்டாண்டுகளுக்கு ஆகாது, குழாய் காலில் இடிக்கும். உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்.

சனியை மட்டும் நினைத்து வாங்கினாலும், கடைசியில் உங்கள் மகளைப் பிடித்து வைக்கப்போவது வியாழன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 40 மடங்கு போதும், நிலா அளவு வட்டு வந்துவிடும். குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள், ஒரே வரிசையில் நான்கு நிலாக்கள். கலிலியோ 1610 ஜனவரியில் பார்த்த அதே நான்கு, அவருடைய கருவி உங்கள் 70 மி.மீ.-ஐவிடச் சின்னது. அதில் ஐயோ என்ற நிலா 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கும், கானிமீடுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். ஒரு நோட்டில் நடுவே ஒரு வட்டம் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் நான்கு புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று வரையச் சொல்லுங்கள், தேதியும் நேரமும் போட்டு. எட்டு மணிக்கு ஒருமுறை, பதினொரு மணிக்கு ஒருமுறை வரைந்தாலே இடம் மாறியிருப்பது தெரியும். சில நாள் மூன்றுதான் இருக்கும், ஒன்று வியாழனுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும். வியாழன் மேல் இருக்கும் பெருஞ்சிவப்புப் புள்ளி என்ற புயலை 70 மி.மீ.-ல் பார்ப்பது கஷ்டம். நிலாவைப் பௌர்ணமியன்று பார்க்காதீர்கள், நிழலே இல்லாமல் தட்டையாக இருக்கும். வளர்பிறை பஞ்சமியிலிருந்து நவமி வரை, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். செவ்வாய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் கொஞ்சம் பெரிதாகும், அப்போதும் சிவந்த சின்னப் பொட்டுதான். யுரேனஸ், நெப்டியூன் வெறும் புள்ளிகள்.

எப்போது பார்ப்பது? சனி 2026 அக்டோபர் முதல் வாரத்தில் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது, அன்றைக்கு ராத்திரி முழுக்க வானில் இருக்கும். ஆனால் அது நமக்கு வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும் காலம். அதனால் செப்டம்பரில் மேகம் விலகும் பின்னிரவுகளைப் பிடியுங்கள். விட்டுப்போனால் கவலை வேண்டாம், 2027 பொங்கல் சமயத்தில் இருட்டியதும் சனி மேற்கு வானில் நல்ல உயரத்தில் இருக்கும். போகிப் புகை அடங்கிய பிறகு பாருங்கள். வியாழன் 2027 பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும், செவ்வாய் அதே பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும் சூரியனுக்கு எதிரே வருகின்றன. மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன்பான அந்த மாதங்கள்தான் சென்னையில் கோள் பார்க்க ஆகச் சிறந்தவை.

எல்லை எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தின் நடுப்பகுதி, மே மாதத்தில் தெற்கே தாழ்வாக வரும் ஆல்ஃபா சென்டாரி என்ற இரட்டை நட்சத்திரம், இவை தண்டையார்பேட்டையிலிருந்தே கிடைக்கும். இதற்கு மேல் விண்மீன் மண்டலங்கள், நெபுலாக்கள் என்று ஆசைப்பட்டால் எவ்வளவு விலை கொடுத்து டெலஸ்கோப் வாங்கினாலும் இங்கே கிடைக்காது, ஊரை விட்டு வெளியே போக வேண்டும். வடக்கே பழவேற்காடு பரவாயில்லை, ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் இன்னும் நல்லது. வாங்கும் முன் வேறொரு டெலஸ்கோப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல யோசனை. திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தில் கேளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் அவ்வப்போது பள்ளிகளிலும் கடற்கரையிலும் டெலஸ்கோப் வைத்துக் காட்டுவார்கள்.

வாங்கிய பிறகு நம் ஊரில் டெலஸ்கோப்பைக் கொல்வது பூஞ்சை. கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் வீட்டில், மர அலமாரியில் மூடி வைத்தால் ஒரு மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருக்கும், அதை எடுப்பது சுலபமில்லை. பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடி போடாதீர்கள். கீழே கொண்டுவந்து மின்விசிறி ஓடும் அறையில் லென்ஸைத் திறந்தபடி கொஞ்ச நேரம் வைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு மூடுங்கள். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு போட்டு வையுங்கள். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியது கண்ணுக்குத் தெரியும், மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போடலாம். தூசி பட்டால் ரப்பர் ஊதி போதும். வேட்டி முனையாலும் பனியனாலும் துடைத்தால் உப்பும் மணலும் சேர்ந்து கீறிவிடும். பருவமழை மூன்று மாதமும் வாரத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள், வானம் தெரியாவிட்டாலும்.